தரை சில்லுன்னு இருந்த வீடு

ஒரு ஊர்ல, நம்ம ஊர் இல்ல, கடல் தாண்டி ரொம்ப தூரம், மேப்புல முயல்குட்டி நிக்கிற மாதிரி இருக்குமே கொரியா, அங்க ஒரு ராஜா இருந்தான். ம் சொல்லு. சொன்னாதான் கதை நடக்கும்.

ம்.

அவனுக்குப் பதினஞ்சு வயசு இருக்கும்போது அப்பா செத்துட்டாரு. கிரீடத்தைத் தூக்கி இவன் தலையில வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவன்கிட்ட வேண்டாம்னு சொல்ல ஒரு ஆள் இல்லை. வேட்டைன்னா அவனுக்கு உசுரு. குதிரை ஓட இடம் பத்தலைன்னு ஒரு ஊரையே தடதடன்னு இடிச்சுத் தள்ளினான். அங்க இருந்தவங்க எங்க போனாங்கன்னு கேக்கவே இல்லை.

அப்புறம் புதுசா ஒரு அரண்மனை கட்டினான். வயக்காட்டு மண்ணு. தூணை நிறுத்தினா சாயும். நிமித்தி வெச்சா மறுபடியும் சாயும். ஒருநாள் குடிச்சுட்டு உக்காந்திருந்தவன், "தூணுக்கு ஒரு பிள்ளையப் போட்டு மூடுங்க, நிக்குதா பாப்போம்"னு சொல்லிச் சிரிச்சான். மந்திரிங்களும் சிரிச்சாங்க. விடிஞ்சதும் அவனுக்கு அது ஞாபகமே இல்லை. ஆனா அந்த ஊர்ல ஒரு வழக்கம், ராஜா சொன்னதைத் திருப்பிக் கேக்கக்கூடாது. கேட்டா தலை போயிடும். அதனால மந்திரிங்க கேக்கலை. சேவகங்களை அனுப்பிட்டாங்க. நாப்பது தூணுக்கு நாப்பது பிள்ளை.

ம்... பிடிச்சாங்களா?

சொல்றேன். ஊர்க்கோடியில ஓக்தான்னு ஒரு அம்மா. புருஷன் இல்லை. தொல்சேன்னு ஒரே பையன், உன் வயசு.

மொத தடவை சேவகன் வந்தப்போ, கொல்லையில வரிசையா ஊறுகாய் ஜாடி, ஒவ்வொண்ணும் உன்னைவிட உசரம். ஒண்ணுக்குள்ள பையனை இறக்கி மூடிட்டா. சேவகன் ஈட்டியால தட்டிட்டே வந்தான், டொங், டொங். ஒரு மூடியத் திறந்தான். நாத்தம் தாங்காம மூக்கைப் பொத்திட்டுப் போயிட்டான்.

ரெண்டாவது தடவை வந்து ஜாடியெல்லாம் உடைச்சான். அப்போ பையன் தரைக்கு அடியில இருந்தான். அந்த ஊர்ல குளிரு எலும்பைக் கடிக்கும் கண்ணு. அதனால தரைக்குக் கீழ கல்லு வெச்சு வழி விட்டிருப்பாங்க. அடுப்பு மூட்டினா சூடும் புகையும் அது வழியா போகும், மேல படுத்தா கதகதன்னு இருக்கும். ஓக்தான் அடுப்பை அணைச்சு, ஆறவிட்டு, அடுப்பு வாய் வழியா பையனை உள்ள விட்டிருந்தா. சேவகன் தேடிட்டுத் திரும்பிட்டான்.

மூணாவது தடவை பனி கொட்டுச்சு. எல்லா வீட்டுலயும் புகை வருது. இவ வீட்டுல மட்டும் இல்லை. அதை அவ யோசிக்கலை பாரு. சேவகன் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து, உள்ளங்கையத் தரையில வெச்சான். சில்லுன்னு இருந்துச்சு.

"என்னம்மா, இந்தப் பனியில அடுப்பு மூட்டலையா?"

"விறகு இல்லைங்க."

"அதுக்கென்ன, எங்க அம்மாவுக்கும் நான்தான் மூட்டித் தருவேன்."

வெளிய போயி ஒரு கட்டு விறகு கொண்டாந்தான். அடுப்பு வாயில அடுக்கினான். சிக்கிமுக்கிக் கல்லை உரசினான். சிக். சிக். பொறி பறந்துச்சு. அவன் அடுப்பைப் பாக்கலை, அவ மூஞ்சியையே பாத்தான். சிக்.

அவ ஓடிப்போயி விறகைத் தள்ளிட்டு, "உள்ள இருக்கான்"னா.

...ம்.

உடம்பெல்லாம் கரியா வெளிய வந்தான் தொல்சே. கூட்டிட்டுப் போனாங்க. இவளும் பின்னாடியே நடந்தா. தூணுக்கு வெட்டின குழியோரமா நாப்பது பிள்ளைங்க, தள்ளி நாப்பது அம்மாங்க. ராஜா வந்து பாக்கணும்னு எல்லாரும் காத்திருந்தாங்க. ராஜா வேட்டைக்குப் போயிருந்தான்.

நாலாம் நாள் மந்திரிங்க ராஜாவைக் கட்டிப் போட்டாங்க. பிள்ளைங்களுக்காக இல்ல. வேட்டைக்கு இடம் வேணும்னு அவங்க தோட்டத்துல கை வெச்சுட்டான், அதுக்காக. ஒரு தீவுல கொண்டு தள்ளினாங்க. "பிள்ளைங்களா? எந்தப் பிள்ளைங்க?"ன்னு கேட்டுட்டே அங்க செத்தான். மந்திரிங்க புது ராஜா பக்கத்துல போயி உக்காந்துட்டாங்க. பிள்ளைங்களைப் போகச் சொல்லிட்டாங்க.

ஓக்தான் பையனைத் தோள்ல போட்டுட்டு வந்து அடுப்பு மூட்டினா. தரை சூடாச்சு. அவன் படுக்கலை. சுவரோரமா உக்காந்துட்டுக் கேட்டான்.

"ஏம்மா என்னைக் காட்டிக் குடுத்தே?"

"நெருப்பு வெக்க வந்தான்டா."

"நான் மூச்சே விடலையேம்மா. நெருப்பு வெச்சிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்."

அவ வந்து அவன் பக்கத்துல சுவரோரமா உக்காந்தா, கண்ணு.

அவ்ளோதான். கதை படுத்தாச்சு, நீயும் படு. அம்மா இங்கதான் இருக்கேன்.