ஊதாப் பூவின் காம்பு

"அம்மா, யாரோ மறுபடியும் உள்ள வெங்காயம் கொண்டு வந்திருக்காங்க" என்றார் தாண்டவராயன்.

கோத்தகிரி மலையில் இருந்த அந்த ஆசிரமத்தில் வெங்காயமும் பூண்டும் கூடாது. விதியைப் போட்டது யாரென்று ஒருவருக்கும் நினைவில்லை. அதைக் காவல் காத்தவர் தாண்டவராயன். கல்லூரி முதல்வராக இருந்தவர், குருவான அம்மாவைவிட இருபது வயது மூத்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றிருந்தார், அதட்டலிலிருந்து இல்லை.

"எங்கெல்லாம் தேடினீங்க?"

"சமையக்கட்டு, விருந்தினர் அறை, தியானக் கூடம். ஒரு இடம் பாக்கியில்லை. போற இடமெல்லாம் நாத்தம்."

"நீங்க போகாத இடத்துல?"

அவருக்குப் புரியவில்லை.

"கையை மோந்து பாருங்க."

மோந்தார். முகம் மாறியது.

"காலையில என்ன செஞ்சீங்க?"

"உங்க ஆசனத்துக்குப் பூ வெச்சேன். இன்னைக்கு நானே பறிச்சேன். மாராத்தாள் வரலை."

அந்தப் பூ அவருடைய பெருமை. ஆலியம் என்று பெயர். கிழங்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். பந்து பந்தாக ஊதா நிறத்தில் பூக்கும். வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் காட்டுவார். நட்டது, களையெடுத்தது, தினமும் பறித்துத் தட்டில் கொடுத்தது எல்லாம் தோட்ட வேலைக்கு வரும் மாராத்தாள்.

அம்மா தோட்டத்துக்குப் போய் ஓர் இலையைக் கிள்ளினார். கசக்கி அவரிடம் நீட்டினார்.

வெங்காயமேதான்.

தாண்டவராயன் அங்கேயே நின்றார். நேற்று மதியம் நடந்தது கண்முன் வந்தது. பந்தி நடக்கும்போது மாராத்தாளின் தூக்குப்போசியை அவரே திறந்து பார்த்தார். பழைய சோறும் நாலு சின்ன வெங்காயமும் இருந்தன. "இந்த நாத்தத்தோட இனிமே உள்ள கால் வைக்காதே" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அவள் மூடியைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சுடட்டுமா அம்மா?"

"மாராத்தாளைக் கேட்டுட்டு வாங்க."

தேயிலைக் காட்டைத் தாண்டி தொழிலாளர் வரிசையில் இருந்த அவளுடைய லைன் வீட்டுக்கு இறங்கினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பாதி வழியில் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தார்.

மாராத்தாள் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"வாங்கய்யா, உக்காருங்க."

அவர் உட்காரவில்லை.

"மாராத்தா, அந்த ஊதாப் பூ..."

"வெங்காயத்துக்குச் சொந்தமுங்க. நட்ட அன்னைக்கே தெரியும். காம்பை ஒடிச்சா நாறும். அதான் தினமும் புளித்தண்ணியில கழுவிக் குடுத்தேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"அத்தனை ஆசையா வெச்சிருந்தீங்க."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, விறகைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சரி, நேத்தாவது சொல்லியிருக்கலாமே. நான் அப்படிப் பேசினப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாய் அடைச்சிருக்குமே."

"எப்படிங்கய்யா சொல்றது?" என்றாள் மாராத்தாள். "நாப்பது பேரு இருந்தாங்களே."