பார்க்கலாம் என்ற சபை

ராஜாக்களின் மீசை தரையில் புரண்ட காலம் அது. பொய் என்கிறவர் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் கேளுங்கள். எனக்கு இன்றைக்குக் கோபம் வேறு தலைக்கேறிக் கிடக்கிறது.

வாளைமங்கலம் என்றொரு ஊர். கடல் மாதிரி ஓர் ஏரி. ஊரை ஆள ஒரு சபை. அந்தச் சபைக்கு, இருபது பேர் சேர்ந்து தூக்கும் சிவப்புக் கம்பளம் ஒன்று. அது எங்கே கிடக்கிறதோ அங்கேதான் சபை; அதில் உட்கார்ந்து சொன்னால்தான் தீர்ப்பு.

ஏரிக்கரைக்குக் கீழே நாற்பது குடிசைகள். ஒன்றில் காடாயி. அவள் புருஷன் கால் ஒடிந்து படுக்கையில் கிடந்தான். ஒருநாள் கரையில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிந்தது. சபைக்கு ஓடினாள்.

“சாமி, விரல் கனத்துக்கு ஓட்டை. கரை உடைந்தால் நாங்கள் ஓடிவிடுவோம். என் வீட்டுக்காரர் எப்படி ஓடுவார்?”

சபையில் அன்று பெரிய விவாதம். ராஜா வந்தால் யானைக்கு மணியை இடது காலில் கட்டுவதா, வலது காலிலா? தலைவர் அரையனார் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, “பார்க்கலாம்” என்றார்.

அடுத்த மாதக் கூட்டம். “சாமி, கையே நுழைகிறது!” அன்றைய விவாதம், ராஜாவுக்கு முதல் கும்பிடு யார் போடுவது. “பார்க்கலாம், பார்க்கலாம்.”

மூன்றாம் மாதக் கூட்டம். “சாமி, என் அடுப்புக்குள் கெண்டை துள்ளுகிறது!”

“உனக்கென்னம்மா, குழம்புக்கு ஆச்சு!” என்றார் ஒருவர். சபையே சிரித்தது. த்தூ! சிரிப்பா வரும்?

“பார்க்கலாம், பார்க்கலாம், பார்க்கலாம்” என்று அரையனார் சாப்பிட எழுந்தார். சபையும் பின்னாலேயே போனது.

இருபது பேர் தூக்கும் கம்பளத்தைக் காடாயி ஒருத்தியே தூக்கினாள். எப்படி என்று கேட்காதீர்கள். கோபம் தூக்கியது. சுருட்டினாள், ஓட்டையில் திணித்தாள், காலால் உதைத்து இறுக்கினாள். தண்ணீர் நின்றது.

ஓட்டைக்கு மூன்று மாதம் ஒருவரும் வரவில்லை ஐயா. கம்பளத்துக்கு, கை கழுவும் நேரத்தில் மொத்தச் சபையும் ஓடி வந்தது!

“திருடி! உனக்குத் தண்டனை உண்டு!”

“கொடுங்க சாமி. கம்பளத்தில் உட்கார்ந்துதானே கொடுக்கணும்? உட்காருங்க.”

குழம்புக்கு ஆச்சு என்ற அந்த ஆள்தான் கம்பளத்தைப் பிடித்து இழுத்தார். பீய்ச்சிய தண்ணீர் அவரை மூன்று பனை உயரம் தூக்கிச் சேற்றில் போட்டது. மற்றவர்கள் அலறிக்கொண்டு கம்பளத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்கள். இடுப்பு நனைந்தது, முதுகு நனைந்தது, பல் கிட்டியது.

“அடியே காடாயி, யாரையாவது மண் கொண்டு வரச் சொல்லு!”

“நானும் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பேன் சாமி. கீழே என் வீட்டுக்காரர் படுத்திருக்கிறார், அதனால் சொல்ல மாட்டேன். பாதிப் பேர் முதுகு கொடுங்க, பாதிப் பேர் மண் சுமங்க. இது தீர்ப்பா, இல்லையா?”

“தீர்ப்பு! தீர்ப்பு! தீர்ப்பு!”

நாற்பது குடிசையும் கூடையோடு வந்தது. அரையனாரின் தலையிலும் ஒரு கூடை ஏறியது. பொழுது சாய்வதற்குள் கரை அடைபட்டது. யானை மணி விவகாரம் மட்டும் இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

ஆகையால், அடுத்தவன் ஆபத்தைப் ‘பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்கிறவனை அந்த ஆபத்தின் மேலேயே உட்கார வைத்தால்தான் அவனுக்குக் கண் திறக்கும்.