அழிச்ச வட்டம்

"டீச்சர், நீங்க சொல்லித் தந்த கணக்கு சரியாத்தான் வந்துச்சு. எங்க அப்பா செத்துப் போயிட்டாவ."

நம்பிராஜன் வாசல்ல நின்னுக்கிட்டே இதைச் சொன்னாரு. மழிச்ச தலையில இன்னும் முடி முளைக்கல.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

அந்த இடத்துக்கு மடம்னு பேரு. வச்சது அங்க கரண்டு வேலை படிக்க வர்ற மில்லுக்காரங்க. பழைய அரிசி குடோன்தான். சாம்பிராணி வாசம் கிடையாது, ஈயம் உருகுற நாத்தம்தான். குருவுக்குத் தாடி கிடையாது. வடிவு டீச்சர்னு பேரு, வயசுல சீடரைவிடச் சின்னவங்க. கேட்டதுக்கு நேராப் பதில் சொல்லமாட்டாங்க. அவங்ககிட்ட அது ஒரு பெரிய தொந்தரவு.

நம்பிராஜன் அங்க கத்துக்கிட்டது கார்னா மேப், எத்தனை வயரு இருந்தாப் போதும்னு கட்டம் போட்டுப் பார்க்கிற கணக்கு. விளக்கு எப்பெப்ப எரியணுமோ அந்தக் கட்டத்துல எல்லாம் ஒன்னு எழுதணும். பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ஒன்னுகளை வட்டம் போட்டுச் சேர்க்கணும். வட்டத்துக்கு ஒரு வயரு. வட்டம் குறைஞ்சா வயரு மிச்சம்.

அதை மனுஷன் வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு. எந்தப் பாவி கொண்டு போகச் சொன்னான்?

"பக்கவாதம் டீச்சர். எந்திரிக்க முடியாது, ஆனா எந்திரிக்கப் பார்ப்பாவ. பக்கத்துல எந்நேரமும் ஆள் வேணும். பகல்ல எனக்கு மில்லு, வீட்டுக்காரி கோமதி பார்த்துக்கிடுவா. ராத்திரி அவளுக்கு ஆஸ்பத்திரியில ட்யூட்டி, நான் பார்த்துக்கிடுவேன். கட்டம் போட்டுப் பார்த்தேன். ரெண்டே வட்டம். ஒரு ஒன்னுகூட வெளிய நிக்கல."

"உங்க அத்தையும் வீட்டுல இருந்தாங்களே?"

"இருந்தா. அப்பாகூடப் பிறந்தவ. முட்டு வலி, ஒரு வேலையும் செய்ய முடியாது. கட்டில் பக்கத்துல வெத்தலை மென்னுக்கிட்டு உக்காந்திருப்பா. பாதி கோமதி நேரத்துல, பாதி என் நேரத்துல. தனக்குன்னு ஒரு கட்டம் கிடையாது. அப்படிப்பட்ட வட்டத்தை அழிச்சிரணும்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன்."

"அழிச்சேன். தென்காசியில அவ மவ வீட்டுல கொண்டு விட்டுட்டேன்."

டீச்சர் கையில இருந்த கம்பியைக் கீழ வச்சாங்க.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"எப்பவும் போலதான். மில்லு விட்டு தெருமுனை வந்ததும், வந்துட்டேன்னு ஹார்ன் அடிப்பேன். கோமதி பின்வாசல் வழியா பஸ்ஸுக்கு ஓடுவா. அதை விட்டா வேற பஸ் கிடையாது. அன்னைக்கும் அடிச்சேன். அவளும் ஓடிட்டா. தெருவுல லோடு லாரி குறுக்க நின்னுச்சு. நான் அதைத் தாண்டி வர்றதுக்குள்ள அப்பா எந்திரிச்சிருக்காவ..."

துண்டால வாயைப் பொத்திக்கிட்டாரு.

"கோமதி என்னைச் சொல்லுதா. நான் அவளைச் சொல்லுதேன். கருமாதி முடிஞ்ச கையோட அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நீங்க சொல்லுங்க டீச்சர், தப்பு அவ மேலயா, என் மேலயா? அவ மேலன்னா நான் கூப்பிடப் போறதில்ல. என் மேலன்னா, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிட?"

டீச்சர் மேசையடியில இருந்து ஒரு பலகையை எடுத்து வச்சாங்க. அதுல ஒரு விளக்கு, ஒரு சுவிட்ச், கரண்டை மாத்தி விடுற ரெண்டு ரிலே, ஓரத்துல சாக்பீஸால ரெண்டு வட்டம் போட்ட மேப்.

"சுவிட்ச் மேல இருந்தா விளக்கை முதல் வயரு பார்த்துக்கிடும். கீழ இருந்தா ரெண்டாவது. மாத்துங்க."

நம்பிராஜன் மாத்தினாரு. விளக்கு கண் சிமிட்டிட்டு எரிஞ்சுது.

"இன்னொரு வாட்டி."

மறுபடியும் சிமிட்டுச்சு.

"எந்த வயரு கெட்டிருக்குன்னு பாருங்க."

மில்லுல அவரு வேலையே அதுதான். மீட்டர் வச்சுப் பார்த்தாரு. திருகு ஒவ்வொன்னையும் இறுக்கிப் பார்த்தாரு.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"மேப்?"

"அதுவும் சரி."

"பின்ன ஏன் அணையுது?"

"முதல் வயரு விட்டுருச்சு. ரெண்டாவது இன்னும் பிடிக்கல." சொல்லிட்டு, சொன்னதை நினைச்சுப் பார்த்தாரு. முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. "அப்போ எங்க ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்லையா டீச்சர்?"

டீச்சர் இன்னொரு வயரை எடுத்து, சுவிட்சைச் சுத்திக்கொண்டு போய் விளக்குல மாட்டினாங்க. சாக்பீஸை எடுத்து, ரெண்டு வட்டத்துலயும் பாதி பாதி படுற மாதிரி மேப்புல மூணாவதா ஒன்னு போட்டாங்க.

"இது வேண்டாத வட்டம்லா?"

"ஆமா. மாத்துங்க."

மாத்தினாரு. விளக்கு அணையல.

மறுபடி மாத்தினாரு. அணையல. மேல, கீழ, மேல, கீழன்னு வெறி பிடிச்ச மாதிரி தட்டிக்கிட்டே இருந்தாரு. விளக்கு நின்னு எரிஞ்சுது.

"இதை ஏன் அன்னைக்கே எனக்குச் சொல்லல?" குடோனே அதிர்ற மாதிரி கத்தினாரு.

"காகிதத்துக்கு மட்டும் சொல்லிக் குடுத்தேன் அண்ணாச்சி." டீச்சருக்கும் கண் கலங்கிப் போச்சு.

அப்புறம் டீச்சர்தான் கேட்டாங்க.

"அனுப்பி வைக்கும்போது அத்தை ஒன்னும் சொல்லலையா?"

நம்பிராஜன் சுவிட்ச்ல இருந்து கையை எடுக்கல.

"சொன்னா. 'நான் சும்மாதானய்யா இருக்கேன், இருந்துட்டுப் போறேனே'ன்னா."