எதிர்க்காற்றில் கடைசி சைக்கிள்

ஒரு காட்டில், அலைச்சத்தம் காதில் விழும் தூரத்தில், வடிவு என்ற சருகுமான் வாழ்ந்துவந்தது. உடம்பு முயல் அளவுதான். அந்த உடம்பு முழுக்கப் பயம். பக்கத்து மரத்தில் ஓர் இலை உதிர்ந்தால் போதும், வடிவுக்குப் பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் அது சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது.

குளம்புக் காலால் பெடலை எப்படி மிதித்தது என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. மிதித்தது. அதையே கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது.

அந்தக் காட்டில் ஒரு சைக்கிள் கூட்டம் இருந்தது. நிதானமான கரடி அதை நடத்தியது. பெருமை பேசும் மயிலும், சொன்ன சொல்லை விடாத உடும்பும் கூட்டாளிகள். வாரம் ஒரு தடவை கடலோரப் பாதையில் வரிசையாகப் போய்வருவார்கள். வடிவு அவர்களோடு அதிகபட்சம் போனது இருபது மைல், உப்பளம் வரைக்கும். இந்தத் தடவை கரடி நாற்பது மைல் என்று சொல்லிவிட்டது. தெற்கே கலங்கரை விளக்கம் வரைக்கும் போய், அங்கே தங்கி, காற்று மாறியதும் திரும்புவதாகத் திட்டம்.

"நாப்பது மைலா? நீயா? உன் நிழலைப் பாத்தே ஓடுறவளாச்சே!" என்று காடே சிரித்தது.

வடிவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கலங்கரை விளக்கத்தைத் தொட்டுட்டுத்தான் மறுவேலை. தொடலைன்னா இனிமே சைக்கிளையே தொட மாட்டேன்!" என்று எல்லார் முன்னாலும் சபதம் போட்டது. போட்ட பிறகு வீட்டுக்குப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டது.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எப்போதும் கரடிதான் முன்னால் போகும். அதன் முதுகு கதவு அகலம். எதிர்க்காற்று அதில் மோதி இரண்டாகப் பிரிந்துவிடும். அதை ஒட்டிப் பின்னால் வருகிறவர்மேல் காற்றே படாது. கால் ஓய்ந்தவருக்குத்தான் அந்த இடம். அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே கரடி வேகத்தைக் குறைக்கும். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கரடி, "யாருக்கு முதுகு வேணும்?" என்று கேட்கும். வரிசையின் கடைசி இடமோ கால் வலுவுள்ளவருக்கு.

நல்ல வழக்கம்தான். மயில்தான் அதைக் கெடுத்துவைத்திருந்தது. முதுகு கேட்டவர்களை 'முதுகுப்பிள்ளை' என்று பெயர் வைத்து ஒரு மாதம் கேலி செய்யும். கேலிக்குப் பயந்து நாளடைவில் யாருமே முதுகு கேட்பதில்லை. கரடி மட்டும் கேட்பதை நிறுத்தவில்லை.

விடிந்ததும் கிளம்பினார்கள். கடலிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது, பாதையும் கெட்டியாக இருந்தது. உப்பளம் வரை வடிவுக்கு அலுப்பே தெரியவில்லை. அங்கே இறங்கித் தண்ணீர் குடித்தபோதுதான் தொடை இரண்டும் தானாக நடுங்குவதைக் கவனித்தது. இடது முட்டிக்குள் ஏதோ குத்தியது. இன்னும் இருபது மைல் இருந்தது.

கரடி எல்லாரையும் பக்கத்தில் கூப்பிட்டது.

"இனிமே பனங்காடு. உள்ளே கழுதைப்புலி இருக்கு. நாலு பேராப் போனா அது கிட்ட வராது. தனியா நிக்கிறவங்களையும் விழுந்தவங்களையும்தான் எடுக்கும். அதனால வரிசை அறுந்துறக் கூடாது. சரி, யாருக்கு முதுகு வேணும்?"

வடிவு வாயைத் திறந்தது. மயில் கழுத்தைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு வேணாம்ண்ணே! நான் கடைசியில வரேன்!"

எப்படி அப்படிச் சொன்னோம் என்று வடிவுக்கே விளங்கவில்லை.

"கடைசி என் இடமாச்சே" என்றது உடும்பு.

"இன்னிக்கு எனக்கு."

"சொன்னா சொன்னதுதான். அப்புறம் மாத்தக் கூடாது" என்று உடும்பு தன் சைக்கிளை முன்னால் தள்ளிக்கொண்டு போனது.

உச்சிப்பொழுதில் தெற்குக் காற்று கிளம்பியது. நேராக முகத்தில் அடித்தது. மணலை வாரிக் கண்ணில் போட்டது. முன்னால் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உடும்புக்கும் வடிவுக்கும் நடுவில் முதலில் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தது. பிறகு ஒரு பனைமரத்து நீளம். பிறகு கணக்கே இல்லை.

ஆனால் அவர்கள் பேசுவதெல்லாம் வடிவின் காதில் தெளிவாக விழுந்தது. காற்று அவர்கள் பக்கத்திலிருந்துதானே வருகிறது!

"இடது பக்கம் பள்ளம், பாத்து!" இது கரடி.

"இந்தக் காத்துலயும் என் தோகை கலையல பாத்தீங்களா?" இது மயில்.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா" என்றது வடிவு. மெதுவாகத்தான் சொன்னது. அவர்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் அதற்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. பாருங்கள், இப்படியும் ஒரு புத்தி!

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் நிம்மதி போய்விட்டது. இந்தத் தடவை உரக்கவே கூப்பிட்டது. காற்று அந்தக் குரலைப் பிடுங்கிப் பின்பக்கம் எறிந்தது.

பின்பக்கம் அதை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இடது முட்டியா கண்ணு?"

வடிவு திரும்பிப் பார்த்தது. பாதையோர மணல்மேட்டில் கழுதைப்புலி வந்துகொண்டிருந்தது. ஓடவில்லை. உலாவுகிற மாதிரி வந்தது.

"எ... என் முட்டிக்கு ஒண்ணுமில்ல" என்றது வடிவு.

"பொய் சொல்லாதே. அரைமணி நேரமா நீதானே புலம்பிட்டு வரே? இடது முட்டி போச்சு, தண்ணி தீந்துபோச்சு, கண்ணு இருட்டுது. எல்லாம் ஒண்ணு விடாம எனக்கு வந்து சேந்துச்சு."

உண்மைதான். தனக்குத்தானே முனகிக்கொள்வதாக நினைத்து வடிவு சொன்ன ஒவ்வொரு சொல்லையும் காற்று பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தது. கரடிக்குத் தெரியாதது, உடும்புக்குத் தெரியாதது, கழுதைப்புலிக்கு முழுசாகத் தெரிந்திருந்தது.

வடிவு வெறிபிடித்தாற்போல் மிதித்தது. கழுதைப்புலி நடையைக்கூட மாற்றவில்லை.

"அவசரப்படாதே. நான் யாரையும் துரத்துறதில்ல, மூச்சு வாங்குது. உனக்கு எப்ப இறங்கணும்னு தோணுதோ அப்ப இறங்கு. நான் இருக்கேன்."

இடது பக்கம் கடல். வலது பக்கம் பனங்காடு. பின்னால் திரும்பினால் காற்றே தள்ளிக்கொண்டுபோய் அதன் வாயில் விட்டுவிடும். ஒளிந்துகொள்ள ஒரு புதர் இல்லை, ஒரு சருகுக் குவியல் இல்லை. வாயைத் திறந்தால்தானே அதற்குக் கேட்கும் என்று வடிவு பல்லைக் கடித்துக்கொண்டது.

"மூச்சு தவறுது பாரு" என்றது கழுதைப்புலி. "நாலு மிதிக்கு ஒரு தடவை. இப்ப மூணுக்கு ஒண்ணு."

வடிவுக்கு அழுகை வந்தது. காட்டில் இலை விழுந்ததற்கெல்லாம் பயந்தோமே, அதெல்லாம் ஒரு பயமா என்று நினைத்தது. இந்தப் பயம் தொண்டையிலிருந்து இறங்கிக் காலைப் பிடித்துக்கொண்டது. பெடல் கல்லாகக் கனத்தது.

அப்போது கரை வளைந்தது. பாதை தெற்கே போவதை விட்டு, சின்ன வளைகுடா ஒன்றைச் சுற்றி மேற்கே திரும்பியது. முன்னால் போன மூவரும் வளைவைத் தாண்டி, தண்ணீருக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையில் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கே காற்று குறுக்கே வீசியது. இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும்.

கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கமிருந்து கரடியே தலையைத் திருப்பிக் கேட்டது.

"வடிவூ! எப்படி இருக்கே?"

வடிவு என்ன சொல்லியிருக்க வேண்டும், பிள்ளைகளே? என்ன சொன்னது தெரியுமா?

"நல்லாருக்கேண்ணே! வந்துட்டே இருக்கேன்!"

வாய்க்குப் பழகிவிட்டது. மூளையைக் கேட்காமலே சொல்லிவிட்டது. கரடி கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி மிதிக்கத் தொடங்கியது.

கழுதைப்புலி அதுவரை சிரிக்கவே இல்லை. இப்போது சிரித்தது. கழுதைப்புலியின் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்; கேட்காமலிருப்பதே நல்லது.

"இவ்வளவு அழகா எனக்குக்கூடப் பொய் சொல்ல வராது" என்றபடி அது மணல்மேட்டை விட்டுப் பாதைக்கு இறங்கியது.

பதறிப்போய் வடிவு கைப்பிடியைத் திருப்பியது. முன்சக்கரம் மணலில் புதைந்தது. சைக்கிள் சாய்ந்தது. வடிவு கீழே விழ, சைக்கிள் அதன் மேலே விழுந்தது.

"இறங்கிட்டியா? நல்லது" என்றது கழுதைப்புலி.

பின்சக்கரத்தைப் பல்லால் கவ்வி இழுத்தது. கம்பிகள் கிறீச்சிட்டன. வடிவு நான்கு காலாலும் சைக்கிளை இறுக்கிக் கட்டிக்கொண்டது. சைக்கிளும் வடிவும் சேர்ந்து மணலில் இழுபட்டன. அழுகின மாமிச வாடை முகத்தில் அடித்தது. அதன் பல்லில் ஒட்டியிருந்த மயிர்கூடத் தெரிந்தது.

அப்போதுதான் வடிவு கத்தியது.

"முடியலண்ணே! என்னால முடியல! உப்பளத்துலயே முடியல! வாங்கண்ணே!"

வளைகுடாவில் மிதந்த கடற்பறவைகளெல்லாம் எழுந்து பறந்தன.

அந்தப் பக்கம் மூன்று சைக்கிள்களும் நின்றன. கரடி தன் சைக்கிளைத் திருப்பி, உறுமிக்கொண்டே வந்தது. உடும்பு அதன் பின்னால் வந்தது. ஆனால் வளைகுடாவைச் சுற்றி வர வேண்டுமே! அதற்குள் கழுதைப்புலி சைக்கிளின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டது. வடிவின் கால் ஒன்று வெளியே வந்துவிட்டது.

தோகை நனைந்துவிடும் என்று ஒருநாளும் தண்ணீர்மேல் பறக்காத மயில், சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுக் கடலுக்குக் குறுக்கே பறந்து வந்தது. அலை தெறித்துத் தோகை பாதி நனைந்தது. வடிவுக்கும் கழுதைப்புலிக்கும் நடுவில் தொப்பென்று இறங்கி, ஈரத்தோகையை விரித்து, மயிலுக்கே உரிய அந்தக் காது கிழியும் குரலில் அகவியது. விடாமல் அகவியது.

கழுதைப்புலி ஒரு கணம் தயங்கியது. கரடியின் உறுமல் வளைவு திரும்பி நெருங்கிக்கொண்டிருந்தது. கவ்வினாலும் உட்கார்ந்து தின்ன நேரமிருக்காது என்று அது கணக்குப் போட்டது. வாயிலிருந்த சக்கரத்தை விட்டது.

"பரவாயில்ல கண்ணு" என்றது போகிறபோது. "இன்னொரு நாள் 'நல்லாருக்கேன்'னு சொல்லுவேல்ல, அன்னிக்கு வரேன்."

பனங்காட்டுக்குள் போய் மறைந்தது.

கரடி வந்து சைக்கிளைத் தூக்கியது. வடிவு எழுந்திருக்கவில்லை. மணலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது. உயிர் பிழைத்ததற்கு அழுததா, மயிலின் எதிரில் கத்திவிட்டதற்கு அழுததா என்று அதற்கே தெரியவில்லை.

மயில் பக்கத்தில் உட்கார்ந்தது.

"எனக்கும் முடியல வடிவு" என்றது. "எனக்கும் உப்பளத்துலயே முடியல. நீ கேட்டா நானும் கேக்கலாம்னுதான் உன்னையே பாத்துட்டிருந்தேன்."

வடிவு முகத்தைத் தூக்கிப் பார்த்தது.

"நான் கேலி பண்றதுக்குத்தான் பாக்கிறேன்னு நெனச்சியா?" என்றது மயில்.

உடும்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "எனக்கு மட்டும் என்ன, இரும்புக் காலா?" என்று முணுமுணுத்தது.

உடும்பு தன் தண்ணீரை வடிவுக்குக் கொடுத்தது. கோணிப்போன சக்கரத்தைக் கரடி முழங்காலில் வைத்து நிமிர்த்தியது. நான்கு பேரும் கிளம்பி, மயில் அந்தப் பக்கம் போட்டிருந்த சைக்கிளையும் வழியில் எடுத்துக்கொண்டார்கள். கரடியின் முதுகுக்குப் பின்னால் வடிவும் மயிலும் மாறி மாறி வந்தார்கள். அடிக்கடி நின்றார்கள். மணல்மேட்டில் ஏதாவது அசைந்தால் வடிவுக்கு இன்னும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அது உண்மையில் பனைஓலையாகத்தான் இருக்கும். இருந்தாலும் அடித்துக்கொண்டது.

பொழுது சாயும் நேரம். வடிவின் முறை. கண்ணுக்கு எதிரே கரடியின் கறுத்த முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"வடிவு, எப்படி இருக்கே?" என்று கரடி திரும்பாமலே கேட்டது.



"பயமா இருக்குண்ணே. முட்டி ரொம்ப வலிக்குது. இன்னும் ரொம்ப தூரம் இருந்தா என்னால முடியாது."

கரடி பிரேக் பிடித்துச் சைக்கிளை ஓரமாக ஒதுக்கியது. வடிவின் முன்சக்கரம் வெள்ளை அடித்த சுவர் ஒன்றில் மெல்ல முட்டி நின்றது.

வடிவு அண்ணாந்து பார்த்தது. கலங்கரை விளக்கம்.

நீதி: தளர்ச்சியைத் தோழரிடம் மறைத்தால், அது பகைவனுக்குத்தான் முதலில் தெரியவரும்.