ஆறு பேர் ஏறாமல் ராக்கெட் எடுக்காத மருதப்பன்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்று, வேலங்குறிச்சி முக்கில் ஷேர் ஆட்டோ ஓட்டும் நால்வரும் வாங்கப் போகவே இல்லை. வண்டி நிறையட்டும், அப்புறம் போவோம் என்று ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதற்காக அவர்களை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

மூத்தவர் தங்கப்பழம். ஸ்டாண்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அடுத்தவன் பிச்சுமணி, எதையும் யோசித்துப் பேசுகிறவன். யோசிக்காமல் பேசினால் தேவலை. மூன்றாவது சுடலைக்கண்ணு, டீ வாங்கி வருகிறவன். நாலாவது மருதப்பன், முப்பத்தாறு வயது. இதுவரை பதினோரு வீட்டில் பெண் பார்த்து, பதினோரு வீட்டிலும் கேசரி மட்டும் கிடைத்தது.

பன்னிரண்டாவது வீட்டில் செண்பகவல்லி டீச்சர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவர். மருதப்பன் அவரைப் பார்த்ததுமே கேசரியை மறந்துவிட்டான். அவரோ காபித் தட்டோடு ஒரு பெரிய அட்டைப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார்.

"இது கிரகம் பிடிக்கிற ஆட்டம். விதியெல்லாம் தமிழ்ல எழுதி உள்ள வச்சிருக்கேன். ஒரு வாரம் பழகிட்டு வாங்க. என்னை ஜெயிச்சா எனக்குச் சம்மதம். இதுவரைக்கும் மூணு மாப்பிள்ளை தோத்துட்டாங்க."

அன்று சாயங்காலமே ஸ்டாண்டில் பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே கட்டம் போட்ட பலகை, ராக்கெட்டுகள், விரல்நகம் அளவு வீரர்கள், ஒரு கட்டு அட்டை. தங்கப்பழம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிகளை வாசித்தார்.

"ஒண்ணு. ஆளுக்கு ஒரு கிரகம் எடுத்துக்கணும்."

மருதப்பன் சிவப்பாக இருந்ததில் கை வைத்தான். பிச்சுமணி அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"ஏல, அது செவ்வா. பொண்ணு வீட்டுக்குச் செவ்வாயோட போனா தோஷம்னு சொல்லிருவாவ."

"அப்ப எதை எடுக்க?"

"வியாழன எடு. வியாழ நோக்கம் வந்தாத்தான் கல்யாணம்."

மருதப்பன் வியாழனை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தங்கப்பழம் சுக்கிரனையும் பிச்சுமணி புதனையும் எடுத்துக்கொண்டார்கள். சனியை யாரும் தொடவில்லை. டீ வாங்கப் போயிருந்த சுடலைக்கண்ணுவுக்கு அதை ஒதுக்கிவிட்டார்கள்.

"ரெண்டு. கையில இருக்க அட்டைய யாருக்கும் காட்டக் கூடாது."

பிச்சுமணி யோசித்தான். "யாருக்கும்னா, நமக்கும்தான அண்ணாச்சி?"

"பின்ன? நாம மட்டும் என்ன ஒசத்தியா?"

சுடலைக்கண்ணுவும் டீயோடு வந்து சேர, நால்வரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆளுக்கு நாலு அட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானும் மாட்டிக்கொண்டார்கள்.

"மூணு. ஒரு முறைக்கு ராக்கெட்டை மூணு கட்டம் நகத்தலாம். நாலு. ஒரு ராக்கெட்டுல ஆறு வீரர் ஏறலாம். அஞ்சு. எதிரி கிரகத்துல மூணு வீரரை இறக்குனவருக்கு வெற்றி."

இங்கேதான் ஆட்டம் நின்றது. பெட்டியில் ஆளுக்கு ஐந்து வீரர்தான் இருந்தார்கள்.

"ஒரு சீட்டு காலியா இருக்கே," என்றான் மருதப்பன்.

"காலிச் சீட்டோட வண்டிய எடுத்தா ஸ்டாண்டுக்கே அவமானம்," என்றார் தங்கப்பழம். "ஆள் வரட்டும்."

நால்வரும் ராக்கெட்டுகளில் ஐந்தைந்து வீரர்களை ஏற்றிவிட்டு ஆறாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். ஏழு நாள், தினம் இரண்டு மணி நேரம், பலகையைச் சுற்றி உட்கார்ந்து பழகினார்கள். ஒரு ராக்கெட்டும் நகரவில்லை.

"எப்படிடே இருக்கு ஆட்டம்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"நல்ல ஆட்டம்," என்றான் பிச்சுமணி. "அமைதியான ஆட்டம். சண்டை சச்சரவே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் வெற்றிலை பாக்கோடு டீச்சர் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் பலகை விரிந்திருந்தது. மருதப்பன் வியாழனை வைத்து ராக்கெட்டில் ஐந்து பேரை ஏற்றிக் கையைக் கட்டிக்கொண்டான். டீச்சர் பூமியை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு முதல் நடையை விட்டுக்கொடுக்கிற மாதிரி இரண்டே இரண்டு வீரர்களை ஏற்றி ராக்கெட்டை எடுத்தார்.

சுடலைக்கண்ணு பதறிப்போனான். "அண்ணாச்சி, ரெண்டு ஆளோட எடுக்காவ!"

"படிச்சவுக. யாரு என்ன சொல்ல முடியும்?" என்றார் தங்கப்பழம் வருத்தத்தோடு.

மூன்றே நகர்த்தலில் டீச்சரின் ராக்கெட் வியாழனுக்கு வந்து, இருவரையும் இறக்கிவிட்டு, அடுத்த ஆளை ஏற்றிவரத் திரும்பியது. இன்னும் ஒரே ஒரு வீரர் இறங்கினால் மருதப்பனுக்குப் பன்னிரண்டாவது கேசரி. பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மருதப்பன் கட்டியிருந்த கையை அவிழ்த்தான். டீச்சரைப் பார்த்தான், அழுகை வரும் போல இருந்தது. குனிந்து பலகையைப் பார்த்தான். வியாழனில் இரண்டு பேர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

அவன் முகம் மலர்ந்தது. இருவரையும் எடுத்துத் தன் ராக்கெட்டில் திணித்தான். ஆறாவது ஆள் சீட்டில், ஏழாவது ஆள் டிரைவர் பக்கத்தில். "போலாம் ரைட்!" என்றான் பிச்சுமணி. ராக்கெட் கிளம்பியது.

"என் ஆட்களை எதுக்கு ஏத்துனீங்க?" என்றார் டீச்சர்.

"ஸ்டாப்புல நின்னாவ டீச்சர்."

டீச்சர் தாம் எழுதிய விதித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்தவர் வீரரை ஏற்றக் கூடாது என்றோ, ஏழாவது ஆள் டிரைவர் பக்கத்தில் உட்காரக் கூடாது என்றோ எங்கேயும் எழுதவில்லை. அவருடைய ராக்கெட் பூமிக்குத் திரும்பி மூன்றாவது ஆளை ஏற்றும் நேரத்தில், மருதப்பனுடையதும் பின்னாலேயே வந்து நின்றது.

"கடைசி ஸ்டாப்பு. எல்லாரும் இறங்குங்க," என்று ஏழு பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டான். அதில் ஐந்து பேர் அவனுடைய வீரர்கள். மூன்று பேரே போதும்.

டீச்சர் பலகையைப் பார்த்தார், மருதப்பனைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. எனக்குச் சம்மதம்."

"ஜெயிச்சனா? எப்ப?" என்றான் மருதப்பன்.

ஆவணியில் கல்யாணம். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, உறவுக்காரர்கள் எல்லோரும் வேனில் ஏறிப் போய்விட்டார்கள். பூ அலங்காரம் செய்த ஆட்டோவில் மருதப்பன் டிரைவர் சீட்டிலும் செண்பகவல்லி பின்னாலும் உட்கார்ந்தார்கள். வண்டி நகரவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. மருதப்பன் ஹேண்டில்பாரில் தாளம் போட்டுக்கொண்டு தெருவையே பார்த்தான்.

"என்னங்க, எடுக்கலையா?"

"ஒரு ஆள்தான இருக்கு. இன்னும் அஞ்சு பேரு வரணும்லா."

செண்பகவல்லி காலிச் சீட்டுகளை எண்ணிப் பார்த்தார். பிறகு பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாலையைப் பின்னால் தள்ளி, பாதி உடம்பை வெளியே நீட்டி, வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார்:

"முக்கு, முக்கு, வேலங்குறிச்சி முக்கு! அஞ்சு சீட்டு இருக்கு, ஏறுங்க, உடனே எடுத்துருவோம்!"