ஜீப்புக்கு விழுந்த சலாம்

ஊராட்சித் தலைவர் குழந்தைவேலுவின் பழைய ஜீப்பில் விளக்கு மங்கிப்போய், எதிரே எருமை நின்றாலும் தெரியாது. மாற்றலாம் என்று டிரைவர் மாரப்பன் சொன்னதும் தலைவர் சம்மதித்தார். ஆனால் பல்பை அவரே பொறுக்கினார், கடையில் இருந்ததிலேயே பிரகாசமானதாக. மாட்டிய நாளிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியாடா, இப்பத்தான் எதிர்ல வர்றவன் எல்லாம் எனக்குச் சலாம் போடுறான்!"

"விளக்கைக் கொஞ்சம் கீழே சாய்ச்சு வெச்சுக்கலாமுங்க. நேத்து ஒரு சைக்கிள்காரர் வாய்க்கால்ல விழுந்துட்டாருங்க."

"என் கால்ல விழ வந்து தவறியிருப்பான். இன்னொரு தடவை இதைப் பேசுனா உனக்கு வேலை இல்லை."

மறுநாள் பொழுது சாய்ந்ததும், புறப்படுவதற்காகத் தலைவர் ஜீப்பின் முன்னால் வந்தபோது, மாரப்பன் உள்ளே உட்கார்ந்தபடி விளக்கைப் போட்டான். தலைவரின் கை தானாக நெற்றிக்குப் போனது.

மாரப்பன் பதறிக்கொண்டு இறங்கி ஓடிவந்தான். "ஐயோ, எனக்கெதுக்குங்க சலாம்?"

தலைவர் கையை இறக்கவில்லை. இறக்கினால் கண் கூசியது.

"சாய்ச்சு வைடா" என்றார்.

அன்று வழியில் ஒரே ஒருவர்தான் அவரை வணங்கினார். வாய்க்காலில் விழுந்த அதே சைக்கிள்காரர். வண்டியை நிறுத்தி, முகத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் கூப்பி.