மரணம் பற்றி ஏற்காட்டில் பேசியது

ஏற்காட்டில் மூன்று நாள் தத்துவக் கருத்தரங்கு. தலைப்பு, மரணம். ஏற்பாடு முழுக்கப் பேராசிரியர் குலோத்துங்கன் தலையில். மலையேறி வந்தவர்களில் பாதிப் பேர் காலை அமர்வை விட்டுவிட்டுப் படகு சவாரிக்குப் போயிருந்தார்கள். மரணம் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற தைரியம்தான்.

குலோத்துங்கனுக்கு அதெல்லாம் கவலையில்லை. முன்வரிசையில் அவனுடைய ஆசிரியர் அறவாழி உட்கார்ந்திருந்தார். அவர் வாயால் ஒருமுறை "நல்லா இருக்கு" என்று கேட்டுவிட வேண்டும். தலை நரைத்த பிறகும் அந்த ஏக்கம் போகவில்லை.

அவனைப் படிக்க வைத்தவர் அவர். சோறு போட்டவர் அவர் மனைவி தனபாக்கியம். போன மாதம் அந்த அம்மா இறந்துபோனார். கடைசி இரண்டு நாளும் வாசலையே பார்த்து, "குலோத்துங்கன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அறவாழிதான் போனில் அழுதுகொண்டே சொன்னார். இவன் அப்போது விருந்தினர்களுக்கு அறை பிடிக்க விடுதி விடுதியாக அலைந்துகொண்டிருந்தான். சாவுக்கும் போகவில்லை, காரியத்துக்கும் போகவில்லை. கருத்தரங்கு முடியட்டும், நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

இப்போது மேடையில் கட்டுரையின் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குத் தெரிந்த ஒரு தாய். சாகும்போது வாசலைப் பார்த்து, 'பையன் வந்துட்டானா?' என்று கேட்டார். பையன் வரவில்லை. வராதவனுக்காகக் காத்திருப்பதே மனித உயிரின் கடைசி வடிவம்."

அரங்கம் கைதட்டியது. ஓர் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையன் யாரென்று அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அந்தத் தாய்க்கு நாம என்ன பதில் சொல்லியிருக்க முடியும்?"

"இதுக்கு எங்க ஐயாதான் பதில் சொல்லணும்" என்று குலோத்துங்கன் இறங்கி வந்து மைக்கை அவரிடம் நீட்டினான்.

அறவாழி எழுந்தார். மைக்கை வாங்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே நடந்தார்.

சபை ஒரு நொடி திகைத்தது. பிறகு அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டு, முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது.

குலோத்துங்கன் மட்டும் கைதட்டவில்லை. அவருக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். பேருந்து நிலையத்துக்கு இறங்கும் சரிவில், பனிமூட்டத்துக்குள் அவரைப் பிடித்தான்.

"ஐயா, கட்டுரை நல்லா இல்லீங்களா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

இத்தனை வருடம் ஏங்கிய சொல். காதில் விழுந்தபோது அவமானமாக இருந்தது.

"அப்புறம் ஏங்க ஐயா, ஒரு வார்த்தை சொல்லிக்காம கிளம்பிட்டீங்க?"

அறவாழி அன்றைக்கு முதல் முறையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எழவு வீட்டுல யாருப்பா சொல்லிக்கிட்டுக் கிளம்புவாங்க?"